முக்கால் கிலோ கணக்கு

கேரள எல்லையில் 'காய்ச்சுவது' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். பொள்ளாச்சியிலோ உடுமலைப்பேட்டையிலோ பாத்திரக் கடைக்குள் நுழைந்து, "நூறு லிட்டர் காய்ச்சணும், நல்ல காஸ் அடுப்பாக் காட்டுங்க" என்று கேட்டால், கடைக்காரர் அடுப்பைக் காட்டுமுன் கேட்டவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துக்கொள்வார். தமிழில் பாலையும் காய்ச்சுகிறோம், பாகையும் காய்ச்சுகிறோம், சாராயத்தையும் காய்ச்சுகிறோம். மொழிக்கு மூன்றும் ஒன்றுதான். கலால் துறைக்கு அப்படி இல்லை.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தச் சங்கடம் கிடையாது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் போயிற்று. அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இன்று அங்கே ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுக் கொல்லையில் இருபது, இருபத்தைந்து லிட்டர் பாத்திரத்தை ஏற்றி வைத்து வாற்கோதுமைச் சாறு கொதிக்கவிடும் ஆசாமிகள் ஏராளம். எந்த பர்னர் வாங்குவது என்பது அவர்களுக்குத் தீராத விவாதம்.

கேரளத்தில் அந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. அங்குள்ள அப்காரி சட்டத்தின் வேர் கொச்சி சமஸ்தானத்தில், கொல்லம் ஆண்டு 1077இல் இருக்கிறது. உரிமமின்றி மது தயாரித்தால் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். 1996 ஏப்ரல் 1 முதல் சாராயமும் மாநிலம் முழுக்கத் தடை. ஆனாலும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத்தில் பெரிய அடுப்பு ஏதாவது ஒன்று எரிந்துகொண்டேதான் இருக்கிறது. இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டும் தொடுவது தமிழ்நாட்டைத்தான். இடுக்கியின் மறையூர், காந்தளூரில் கரும்புச் சாறு காய்கிறது. வண்டன்மேடு, குமுளிப் பக்கம் ஏலக்காய் உலர்கிறது. பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கம் தென்னம்பாளையின் நீரா பாகாகிறது. மூன்றும் சட்டப்படியான தொழில். மூன்றிலும் 'விறகை விடுங்கள், காஸுக்கு மாறுங்கள்' என்ற யோசனை வந்துகொண்டே இருக்கிறது.

அந்த யோசனையைச் சொல்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "எத்தனை லிட்டர் பாத்திரம்?" அடுப்பு விற்பவரும் அதையேதான் கேட்கிறார். கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு தண்ணீரை வெளியேற்ற வேண்டும்?

ஒரு கிலோ தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஒரு பங்கு வெப்பம் தேவை என்றால், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏழு பங்குக்கு மேல் தேவை. பீர் காய்ச்சுகிறவர் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு இறக்கிவிடுகிறார். இருபத்தைந்து லிட்டரில் மூன்று, நான்கு லிட்டர்தான் ஆவியாகும். ஒரு கிலோவுக்கும் குறைவான காஸில் வேலை முடிந்துவிடும். அவர் எந்த பர்னரை வாங்கினாலும் கால் மணி முன்னே பின்னே ஆகுமே தவிர, குடி முழுகிவிடாது. வெல்லம் காய்ச்சுகிறவரின் நிலை வேறு. அவருக்குத் தண்ணீர்தான் எதிரி. நூறு கிலோ கரும்புச் சாறு ஏறத்தாழ பன்னிரண்டு கிலோ வெல்லமாகிறது. அழுக்காகப் போவது போக, எண்பத்தைந்து கிலோ தண்ணீரை ஆவியாக்கியே தீர வேண்டும்.

இதற்கு எவ்வளவு காஸ் ஆகும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ காஸின் வெப்பம் சுமார் 46 மெகாஜூல். திறந்த அடுப்பில் அதில் பாதி பாத்திரத்துக்குள் போனால் நல்ல அடுப்பு. நூறு கிலோ சாறைச் சூடாக்கி, தண்ணீரை விரட்ட வேண்டிய வெப்பம் சுமார் 220 மெகாஜூல். கூட்டிக் கழித்தால் ஒன்பதரை கிலோ காஸ். அதாவது ஒரு கிலோ வெல்லத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல்.

19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றில் இருபத்தைந்து கிலோ வெல்லம்கூட முழுசாக இறங்காது. 2022 முதல் அந்த சிலிண்டரின் விலை பெரும்பாலும் ரூ. 1,500க்கு மேல்தான் இருந்திருக்கிறது. அதன்படி கிலோ வெல்லத்துக்கு எரிபொருள் செலவு மட்டுமே அறுபது ரூபாய். சாதாரண வெல்லம் மொத்தச் சந்தையில் விற்கிற விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். கரும்பு, வெட்டுக்கூலி, ஆலைக்கூலி எல்லாம் அதற்குப் பிறகு.

மறையூர் கேரளத்துக்குள் இருந்தாலும் மழை விஷயத்தில் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மூணாறை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டுவதற்குள் வற்றிவிடுகிறது. சந்தன மரம் தானாக வளர்வது அதனால்தான். வெல்லத் தொழில் நிலைத்திருப்பதற்கும் அந்த மழை மறைவு ஒரு காரணம். ஆலையில் பிழிந்து தள்ளிய சக்கையை வெளியே பரப்பிவிட்டால் காய்ந்துவிடுகிறது. காய்ந்ததை அள்ளி அடுப்பில் போட்டு அடுத்த கொப்பரையைக் காய்ச்சுகிறார்கள். கரும்பு தன்னைத்தானே காய்ச்சிக்கொள்கிறது என்று சொன்னால் மிகையில்லை. இதே பகுதியில் தைலப்புல்லிலிருந்து எண்ணெய் வடிப்பவர்களும் வடித்து முடித்த புல்லையே எரிக்கிறார்கள்.

சக்கை போதுமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ வெல்லத்துக்கான கரும்பிலிருந்து உலர்ந்த சக்கை சுமார் இரண்டரை கிலோ கிடைக்கும். அதன் வெப்பத்தில் நாற்பத்தைந்து சதவீதத்தைக் கொப்பரைக்குள் செலுத்த முடிந்தால் வெளியிலிருந்து ஒரு குச்சி விறகும் தேவையில்லை. ஆனால் மண்ணைக் குழைத்துக் கட்டிய ஒற்றைக் கொப்பரை அடுப்பு அவ்வளவு கெட்டிக்காரத்தனமானது அல்ல. வெப்பத்தின் பெரும்பகுதி கொப்பரையை எட்டிப் பார்த்துவிட்டுப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. பற்றாக்குறைக்கு விறகு. விறகும் கிடைக்காத இடங்களில், வட இந்தியாவின் சில வெல்ல ஆலைகளில் நடப்பதுபோல, ரப்பரும் பிளாஸ்டிக்கும்கூட உள்ளே போகின்றன. அந்தப் புகை படிந்த வெல்லத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான வேலையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. கையால் பிடித்த உருண்டை, அடர் பழுப்பு நிறம். பளபளக்க வைக்கும் ரசாயனம் சேர்ப்பதில்லை என்பது அதன் பெருமை. வெளியிலிருந்து வரும் மலிவு வெல்லம் மறையூர் பெயரில் விற்கப்படுகிறது என்ற புகார் பழையது. குறியீடு கிடைத்த பிறகும் அது ஓயவில்லை. இப்படிப் பெயரில் போட்டி, கூலியில் ஏற்றம், வயலில் யானை என்று மூன்று பக்கமும் நெருக்கடி உள்ள தொழிலில், காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒரே பொருள் சக்கை. அதையும் ஒதுக்கிவிட்டு சிலிண்டர் வாங்கு என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்படும் தவறான ஆலோசனை.

செலவை ஒருபுறம் வைத்தாலும் காஸ் அங்கே ஒத்துழைக்காது. ஆயிரம் லிட்டர் சாறு பிடிக்கும் கொப்பரையை நாலு மணி நேரத்தில் இறக்க வேண்டுமானால் மணிக்கு இருபது கிலோவுக்கு மேல் காஸ் எரிய வேண்டும். ஒரு 19 கிலோ சிலிண்டரோ தொடர்ந்து எரித்தால் மணிக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை கிலோதான் தரும். உள்ளே திரவமாக இருப்பது வாயுவாக மாறும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொள்கிறது. வெளிப்புறம் வியர்க்கும், அப்புறம் பனி படியும், அப்புறம் சுடர் சுருங்கும். இந்தியாவில் சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும். காந்தளூரின் மார்கழி விடியலில் அந்த சிலிண்டரிடமிருந்து என்ன எதிர்பார்க்க முடியும்? பதினைந்து, இருபது சிலிண்டரை வரிசையாக இணைக்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் காஸ் இருப்பு வைக்க 2016ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி உரிமம் வேண்டும். ஒரே ஒரு கொப்பரைக்கே அந்த நூறு கிலோ சரியாகிவிடும்.

சிவப்பு நிற வீட்டு சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்துவிடலாமே என்ற குறுக்குவழியும் சிலருக்குத் தோன்றும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2000ஆம் ஆண்டின் எல்பிஜி ஆணைப்படி குற்றம். பிடிபட்டால் வெல்லம் கசக்கும்.

புகை ஒன்றும் வெல்லக்கட்டி அல்ல என்பது உண்மைதான். அடுப்பு வாயில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சக்கை தள்ளுகிறவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது கேடு. காஸ் ஆதரவாளர்களின் வாதத்தில் வலுவான இடம் இதுதான். ஆனால் அதற்கு மருந்து வேறு அடுப்பு, வேறு எரிபொருள் அல்ல. லக்னோவில் உள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு, மூன்று கொப்பரை அடுப்புகளை வடிவமைத்திருக்கிறது. வெளியேறும் புகையின் சூட்டிலேயே அடுத்த கொப்பரையின் சாறு முன்கூட்டிக் காய்ந்துவிடும். சக்கையின் கீழ் கம்பிச்சட்டம், காற்று போக வழி, உயரமான புகைபோக்கி, அதில் திறந்து மூடும் தகடு. இவ்வளவு இருந்தாலே புகை ஆளை விட்டு விலகும், சக்கையும் மிஞ்சும். இதில் எதற்கும் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். கொத்தனாரும் தகரக் கடைக்காரரும் போதும். மானியம் தருகிறவர்களின் கண்ணில் படுவதற்குப் பளபளப்பு போதாது, அவ்வளவுதான் குறை.

காஸுக்கு மறையூரில் இடமே இல்லையா என்றால், சிறிது உண்டு. சுக்கும் ஏலமும் சேர்த்துச் சிறு அச்சில் வார்க்கும் வெல்லத்துக்கு, பாதி காய்ந்த பாகைச் சின்னப் பாத்திரத்தில் மாற்றிப் பதம் பார்க்க காஸ் அடுப்பு நல்ல துணை. ஆவியாக வேண்டிய தண்ணீர் அப்போது கொஞ்சம்தான். தீயை நினைத்த கணத்தில் குறைக்கவும் முடியும். தெர்மாமீட்டர் வைத்துக்கொள்கிறவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. புத்தகங்கள் வெல்லப் பதம் 118 டிகிரி என்று சொல்வது சமவெளிக்கு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள மறையூரில் தண்ணீரே 97 டிகிரியில் கொதிக்கிறது. ஆகவே அங்கே 115இல் இறக்க வேண்டும், காந்தளூரில் 113இல். பாகைச் சொட்டுத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கும் பழைய ஆளுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. அவர் விரல் எந்த உயரத்திலும் சரியாகவே இருக்கும்.

அதே மாவட்டத்தில் தெற்கே ஏலமலைக்குப் போனால் கணக்கு தலைகீழாகிறது. பறித்த பச்சை ஏலக்காயில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஈரம். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ. நான்கு கிலோ தண்ணீர் போக வேண்டும். உலர்த்தும் அறையில் வெப்பம் வீணாவது அடுப்பைவிட அதிகம். அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ ஏலக்காய்க்கு ஆகிற காஸ் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ. வெல்லத்துக்கு ஆகிற அதே அளவுதான். ஆனால் ஏலக்காய் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ரூ. 7,000ஐத் தொட்ட சரக்கு. சரிந்து ஆயிரத்துக்குக் கீழே போன 2022இல்கூட ஐம்பது, அறுபது ரூபாய் காஸ் செலவு அதற்குப் பொருட்டல்ல.

விறகின் பாடும் இங்கே வேறு. பறிப்பு மழைக் காலத்தில் தொடங்கிவிடுகிறது. அப்போது கிடைப்பது ஈர விறகு. ஏலக்காய் ஸ்டோருக்குள் இரும்புக் குழாய் வழியே சூடு போகும் பழைய முறையில் ஒரு ராத்திரி தீ எகிறினால் காய் வெளுத்துவிடும், தணிந்தால் பூசணம். ஐம்பது டிகிரியை ஒட்டி, ஒரே சீராக, ஏறத்தாழ ஒரு நாள். பச்சை நிறம் நிற்பது இந்தச் சீரில்தான், விலை நிற்பது நிறத்தில். இரவெல்லாம் விழித்து விறகு தள்ளுவதைவிட, சூடு அளந்து தானே நின்று தானே எரியும் காஸ் பர்னர் இந்த வேலைக்குப் பொருத்தம். நிழல் மரங்களின் மீது விழும் கையும் குறையும்.

ஆனால் ஏலக்காய்க்கு பர்னர் வாங்குகிறவர்கள் அடிக்கடி கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. சுடரின் காற்றை நேரே அறைக்குள் விடும் மலிவு உலர்த்தியில், நான்கு கிலோ ஈரத்தை வெளியேற்றப் போய் ஒரு கிலோ ஈரத்தை உள்ளே விடுகிறோம். சுடர் சரியாக எரியாவிட்டால் கரியும் கூடவே வரும். சுடர் தனி அறையில் எரிந்து, சூடான தகட்டைத் தொட்டு வரும் சுத்தமான காற்று மட்டும் காய்க்குப் போகிற உலர்த்திதான் நல்லது. விலை கூடுதல், கொஞ்சம் காஸும் கூடுதல். கொடுக்கலாம்.

மலையில் பர்னர் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. கோவையில் நீலமாக எரிந்து காட்டிய பர்னர் மேலே போனதும் மஞ்சளாகி, பாத்திர அடியில் கரி அப்பும். காற்றுத் துவாரத்தை அகலத் திறந்து பார்க்க வேண்டும். போதாவிட்டால் சிறிய துளை உள்ள ஜெட் மாற்ற வேண்டும். அதைக் கழற்றி மாற்ற முடியாத பர்னர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலைக்கு ஆகாது. 'ஹை பிரஷர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மணிக்கு எத்தனை கிலோ எரிக்கும் என்று கேட்டு, பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவது உத்தமம்.

பாலக்காட்டின் சித்தூர் தாலுகா பொள்ளாச்சியின் நீட்சி மாதிரி. அதே தென்னை, பாதித் தமிழ். கள் இறக்குவது அங்கே பெரிய தொழில். 2014 வாக்கில் புளிக்காத நீரா இறக்கவும் அரசு உரிமம் கொடுத்தது. தென்னை உற்பத்தியாளர் கம்பெனிகள் உற்சாகமாக இறங்கின, பல பின்னர் தடுமாறின. நீராவைப் பாக்கெட்டில் விற்பதைவிடச் சர்க்கரையாக்குவது பாதுகாப்பான வழி. ஏழு லிட்டர் நீராவுக்கு ஒரு கிலோ சர்க்கரை. ஆறு கிலோ தண்ணீர் போக வேண்டும். மறுபடியும் அதே முக்கால் கிலோ காஸ். தென்னைச் சர்க்கரையின் விலை வெல்லத்தைப்போலப் பல மடங்கு. ஏலக்காயைத் தொடாது. அதனால் காஸ் கட்டுப்படியாகும், ஆனால் கையைக் கடிக்காமல் இருக்காது. தேங்காய் மட்டையும் சிரட்டையும் காலடியில் கிடக்கும் ஊரில், முதல் கொதிவரை காஸ், அதற்குப் பிறகு சிரட்டை, கடைசிப் பதத்துக்கு மறுபடி காஸ் என்று பிரித்துக்கொள்வது சிக்கனம்.

முதல் கொதியில் காஸைக் கழிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. பீர்க்காரர் காய்ச்சுவது பிற்பாடு புளிக்க வைப்பதற்காக. நீராக்காரர் காய்ச்சுவது புளிக்காமல் தடுப்பதற்காக. மரத்திலிருந்து இறக்கிய நீரா குளிரில் வைக்காவிட்டால் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். புளித்தால் கள், கள் என்றால் வேறு உரிமம், வேறு அதிகாரி. ஆகவே பெரிய கொப்பரையில் சேர்த்துவைத்து நிதானமாகக் காய்ச்சும் பேச்சே கூடாது. இருபது, முப்பது லிட்டர் பிடிக்கும் அகலப் பாத்திரம் இரண்டு மூன்று, ஒவ்வொன்றுக்கும் கல்யாணச் சமையலில் வைப்பதுபோன்ற பர்னர், வந்தவுடன் ஏற்றிக் கொதிக்கவிட வேண்டும். சிலிண்டர் பனி பிடிக்கும் தொல்லை சித்தூர் வெயிலில் அவ்வளவாக இருக்காது.

அங்கே தொல்லை காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுவைத்த பாலக்காட்டு இடைவெளி வழியே ஊளையிட்டு வரும் காற்று சுடரைப் பாத்திரத்தின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். திறந்த கொட்டகையில் எரியும் காஸில் கணிசமான பங்கு கொட்டகையைத்தான் சூடாக்கும். மூன்று பக்கம் தகரமோ செங்கலோ வைத்து மறைத்து, பர்னருக்கும் பாத்திர அடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால் போதும். சிலிண்டர் மட்டும் அந்த மறைப்புக்கு வெளியே, நிழலில், தகரத்தின் சூடு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும்.